யூமடில்லா ஆயுதக் கிடங்கு: பக்கத்தில் வீடு வாங்கலாமா? போர்வெல் தண்ணீர் குடிக்கலாமா?

#1 கொலம்பியாக்கரை

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வீட்டு விஷயமாக யோசனை கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது வாஷிங்டன் மாநிலம் கென்னவிக்கில். வேலை ஆற்றுக்குத் தெற்கே, ஆரிகன் மாநிலத்து ஹெர்மிஸ்டனுக்கு மாறுகிறது. தர்பூசணிக்குப் பேர்போன ஊர். ஊருக்கு மேற்கே ஒரு ஏக்கர் நிலத்தோடு வீடு பார்த்திருக்கிறோம். விலை கட்டுப்படியாகிறது, மனைவிக்கும் பிடித்துவிட்டது. ஊர்க் குழாய் அங்கே வராது, சொந்த போர்வெல்தான்.

வீட்டைப் பார்க்கப் போன அன்று, ஐ-82 சாலை ஐ-84இல் போய்ச் சேருவதற்கு முன்னால், வலது பக்கம் முழுக்க மண்மேடுகள். ஒரே உயரம், ஒரே இடைவெளி, கண்ணுக்கு எட்டிய மட்டும் வரிசை வரிசையாக. மேலே புல் காய்ந்து கிடக்கிறது. என் மகள், "அப்பா, இதெல்லாம் கறையான் புற்றா?" என்று கேட்டு எண்ண ஆரம்பித்தாள். அறுபதுக்கு மேல் விட்டுவிட்டாள். வீடு காட்டிய முகவரிடம் கேட்டேன். "பழைய ராணுவக் கிடங்கு, எல்லாம் சுத்தம் பண்ணியாயிற்று" என்றார். அதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

வந்து தேடிப் பார்த்தால் நச்சுவாயு, வெடிமருந்து, நிலத்தடி நீர் மாசு என்று வருகிறது. மனைவிக்கு இது ஆறாவது மாதம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: 'சுத்தம் பண்ணியாயிற்று' என்றால் என்ன பண்ணினார்கள்?

#2 நீர்மட்டம்

தம்பி, நான் நிலத்தடி நீர் மாசு வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். யூமடில்லாவில் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் எங்கள் தொழிலில் அந்த இடத்தைப் படிக்காமல் யாரும் வர முடியாது. எதனால் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மகள் எண்ணியது மொத்தம் 1,001. இக்லூ என்றுதான் சொல்வார்கள். கான்கிரீட்டில் வளைவாகக் கட்டி, மேலே மண்ணைப் போட்டு மூடிய வெடிமருந்து அறைகள். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது வெடிக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த மண்ணும் இடைவெளியும். 1941இல் கிடங்கு திறந்தது. 1944 மார்ச் 21 அன்று ஒரு இக்லூ வெடித்து 6 பேர் இறந்தார்கள். அடுத்த இக்லூக்கள் நின்றன.

1962க்கு அப்புறம் இங்கே நச்சு ஆயுதங்கள் வந்து சேர்ந்தன. சாரின், வி.எக்ஸ்., மஸ்டர்ட் மூன்றும். 2,20,604 ராக்கெட், குண்டு, கண்ணிவெடி, உருளைகளில் 3,717 டன் விஷம். அமெரிக்காவின் மொத்த இருப்பில் ஏறத்தாழ 12 சதவீதம். 2004 செப்டம்பரில் எரிக்கத் தொடங்கி 2011 அக்டோபரில் முடித்தார்கள். அந்த வருடங்களில் ஹெர்மிஸ்டனில் வளர்ந்தவர்களைக் கேட்டால் சைரன் ஒத்திகையைப் பற்றிச் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு அபாய ரேடியோ கொடுத்திருந்தார்கள். பள்ளிகளில் வெளிக்காற்று உள்ளே வராதபடி காற்றழுத்தம் ஏற்றும் இயந்திரம் வைத்திருந்தார்கள்.

உங்களைப் பயமுறுத்தியது இந்தப் பகுதியாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கேள்வி கிணற்றைப் பற்றியது. கிணற்றுக்கு வேண்டியது நச்சுவாயுக் கதை இல்லை. அது பூட்டி வைத்திருந்து, எண்ணிக் கணக்கு வைத்து, எரித்துத் தீர்த்தது. நிலத்துக்குள் இறங்கியது வேறு. சாதாரண வெடிமருந்து கழுவிய தண்ணீர்.

1950களின் நடுவிலிருந்து 1965 வரை அங்கே ஒரு கழுவும் ஆலை ஓடியது. பழைய குண்டுகளைத் திறந்து, சுடுதண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சி உள்ளே இருக்கும் மருந்தை வெளியே எடுப்பார்கள். மருந்தைத் திரும்பப் பயன்படுத்தலாம். மிஞ்சும் கழுநீரை ஒரு வாய்க்கால் வழியாக இரண்டு குட்டைகளுக்கு விட்டார்கள். குட்டைக்கு அடியில் தார்ப்பாயோ களிமண்ணோ எதுவும் கிடையாது, வெறும் மணலும் சரளையும். 8.5 கோடி கேலன் போயிருக்கிறது என்று கணக்கு. லிட்டரில் சொன்னால் 32 கோடிக்கு மேல். நிலத்தடி நீர் மட்டம் அங்கே ஐம்பது அடிக்குள்.

குட்டை நிரம்பி வழியாததால் யாருக்கும் கவலை இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். எங்கே போகிறது என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

#3 வாத்தியார்64

நீர்மட்டம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன்.

அந்தக் கழுநீருக்கு 'இளஞ்சிவப்புத் தண்ணீர்' என்றே தொழிலில் பேர். ஆலையிலிருந்து வரும்போது பெரிதாக நிறம் இருக்காது. வெயில் பட்டதும் அதில் கரைந்திருக்கும் டி.என்.டி. என்ற வெடிமருந்து மாறி, ரோஜா நிறம், அப்புறம் செம்மை என்று ஏறும். குட்டையைப் பார்த்தாலே தெரியும்.

டி.என்.டி. உடம்புக்கு என்ன செய்யும் என்பது முதல் உலகப் போரிலேயே தெரிந்துவிட்டது. பிரிட்டனில் குண்டு நிரப்பும் ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்குத் தோலும் முடியும் மஞ்சளாகி 'கேனரிப் பெண்கள்' என்று பெயர் வந்தது. ஈரல் கெட்டு, ரத்தம் ஊறுவது நின்று இறந்தவர்கள் உண்டு. ஆக, 1950களில் இது விஷம் என்று தெரியாமல் குட்டையில் விட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

கிணற்றைப் பொறுத்தவரை டி.என்.டி.யை விட அதோடு கூட வரும் ஆர்.டி.எக்ஸ். என்ற இன்னொரு வெடிமருந்துதான் தொல்லை. டி.என்.டி. மண்ணைப் பிடித்துக்கொள்ளும், போகும் வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஆர்.டி.எக்ஸ். மண்ணில் ஒட்டாது. தண்ணீர் போகும் வேகத்துக்கு அதுவும் போகும். அளவு மீறினால் நரம்பைத் தாக்கி வலிப்பு வரும். குடிநீரில் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆலோசனை அளவு வைத்திருக்கிறது. ஒரு கிராம் ஆர்.டி.எக்ஸ். போதும், ஐந்து லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோக.

#4 கொலம்பியாக்கரை

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. ஐந்து லட்சம் லிட்டர் என்பதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், ஊர்க் குழாய்த் தண்ணீர்தான். மண்ணிலும் தண்ணீரிலும் இறங்கியதை எப்படி எடுத்தார்கள்?

#5 நீர்மட்டம்

இதைத்தான் பின்னால் சொல்கிறேன் என்றேன்.

1987இல் இந்தக் குட்டைகள் மத்திய அரசின் முன்னுரிமைச் சுத்திகரிப்புப் பட்டியலில் ஏறின. வெடிமருந்து கலந்த மண்ணுக்கு அப்போது தெரிந்த ஒரே வழி, தோண்டிச் சூளையில் போட்டு எரிப்பது. செலவு அதிகம். புகைபோக்கியைச் சுற்றி வாழும் மக்களுக்கும் விருப்பம் இல்லை. முடிவில் மிஞ்சுவது செத்த சாம்பல். அதற்குப் பதிலாக இங்கே கம்போஸ்ட் போட்டார்கள். ஆமாம், நம் வீட்டுக் கொல்லையில் போடும் அதே கம்போஸ்ட்.

1992இல் முன்னோட்டம் நடத்தினார்கள். கலவை: விஷமேறிய மண் 30 பங்கு, மாட்டுச் சாணம் 21, மரத்தூள் 18, குதிரைமசால் 18, உருளைக்கிழங்குக் கழிவு 10, கோழி எரு 3. எல்லாம் கன அளவில். சாணமும் உருளைக்கிழங்கும் அந்த வட்டாரத்திலேயே கொட்டிக் கிடப்பவை. மாட்டுப் பண்ணைகளும் உருளை பதப்படுத்தும் ஆலைகளும் அங்கே ஏராளம். நீளவாக்கில் குவித்து, மேலே கூரை போட்டு, இயந்திரத்தால் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். குவியலுக்குள் சூடு 55 டிகிரிக்குப் போனது. 40 நாளில் டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். இரண்டுமே 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. பிறகு முழு அளவில் ஏறத்தாழ 15,000 டன் மண்ணை இப்படியே செய்தார்கள். கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. வந்தது. வெடிமருந்து மண்ணை முழு அளவில் கம்போஸ்ட் முறையில் சுத்தம் செய்ததற்கு உலகத்துக்கே முன்மாதிரி இந்த இடம்தான். அதனால்தான் படிக்காமல் வர முடியாது என்றேன்.

#6 தொழுவுரம்

நான் கோபிப் பக்கம் விவசாயம். பதினாறு வருடமாக வீட்டு மாட்டுச் சாணியிலேதான் உரம். ராணுவம், கிடங்கு எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் 55 டிகிரி என்றதும் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சூட்டை நான் கையால் பார்த்திருக்கிறேன். குவியல் போட்டு நாலாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் சொருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பிடித்தால் பிடித்த கை தானாக விட்டுவிடும். விடியற்காலையில் புரட்டினால் வெந்த நெல் மாதிரி ஆவி வரும். சூடு இறங்கினால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம், உடனே புரட்ட வேண்டும். இவர்கள் கணக்கில் கோழி எரு 3 பங்குதான் வைத்திருக்கிறார்கள், சரிதான். கூடப் போட்டால் நெடி ஏறி, தழைச்சத்தெல்லாம் காற்றில் போய்விடும்.

ஒரே ஒரு கேள்வி. மாடு தின்ற புல்லைப் புழுக்கள் மக்க வைக்கும், சரி. குண்டு மருந்தை எது தின்னும்? அந்த உரத்தை வயலில் போடுவார்களா? நான் போட மாட்டேன்.

#7 நீர்மட்டம்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் ஐயா.

தின்பது பாக்டீரியாக்கள். ஆனால் பசிக்கு அதைத் தின்பதில்லை. சாணமும் மாவுச்சத்தும் கொடுத்து அவற்றைப் பெருக்கினால், காற்று குறைந்த இடங்களில் மூச்சு விடுவதற்காக டி.என்.டி.யில் இருக்கும் நைட்ரோத் தொகுதிகளை, அதாவது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த பகுதிகளை, மாற்றிவிடுகின்றன. மாறிய பொருள் மக்கின் கருமையான பகுதியோடு இறுக்கமாகப் பிணைந்துகொள்கிறது. தண்ணீரில் கழன்று வராது. ஆர்.டி.எக்ஸ்.ஸின் மூலக்கூறு வளையமோ உடைந்தே போகிறது.

அதாவது டி.என்.டி. முழுக்க ஆவியாகி மறையவில்லை. வேறு உருவத்தில் மக்குக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதனால் அந்த உரத்தை யாருடைய வயலுக்கும் கொடுக்கவில்லை. தோண்டிய குழியிலேயே திரும்பப் போட்டு, மேலே நல்ல மண்ணைப் பரப்பி, புல் விதைத்தார்கள். உங்கள் தயக்கம் அவர்களுக்கும் இருந்தது.

#8 டென்வர்வாசி

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சுத்தம்' என்ற சொல்லை இங்கே எல்லாரும் சுலபமாகப் புழங்குகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

நான் டென்வருக்கு வடகிழக்கே காமர்ஸ் சிட்டியில் குடியிருக்கிறேன். பின்னால் ராக்கி மவுண்டன் ஆர்சனல். 1942இல் நச்சு ஆயுத ஆலையாகத் தொடங்கியது, 1950களில் சாரின் செய்தார்கள். மற்றொரு பகுதியைத் தனியார் பூச்சிமருந்து ஆலைக்குக் குத்தகைக்கு விட்டார்கள். டைல்ட்ரின், ஆல்ட்ரின் எல்லாம் அங்கே தயாரானவை. கழிவு, அடி பூசாத குட்டைக்குத்தான். 1954இல் வடக்கே இருந்த விவசாயிகள் பயிர் கருகுகிறது என்று வந்தார்கள். பாசனக் கிணற்றில் விஷம். அப்புறம் 1956இல் தார் பூசிய பெரிய குட்டை ஒன்று கட்டினார்கள், அதுவும் கசிந்தது. பிறகு 12,045 அடிக்கு ஒரு துளை போட்டு, 1962 முதல் 1966 வரை கழிவை அதற்குள் அழுத்தி இறக்கினார்கள். டென்வரில் நிலநடுக்கம் வர ஆரம்பித்தது. துளையை நிறுத்திய பிறகும், 1967இல்தான் பெரிய நடுக்கம் வந்தது.

ஒவ்வொரு தடவையும் 'பிரச்சினை தீர்ந்தது' என்றுதான் சொல்லியிருப்பார்கள். குட்டையிலிருந்து தார்க் குட்டைக்கு, தார்க் குட்டையிலிருந்து பாதாளத்துக்கு. இடம் மாறியது, அவ்வளவுதான்.

1996இல் முறையான சுத்திகரிப்புத் திட்டம் வந்தது, 2010இல் முடித்தார்கள். 210 கோடி டாலர். நடுவே 2000இல், பழைய இரும்புக் குவியலைப் பிரிக்கும்போது சாரின் நிரப்பிய சின்னக் குண்டுகள் கிடைத்தன. பெரிய சாத்துக்குடி அளவுதான் இருக்கும். அதுவரை அவை அங்கே கிடப்பது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அது வனவிலங்குச் சரணாலயம். காட்டெருமை மேய்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன், அழகான இடம். ஆனால் அங்கே வீடு கட்டக் கூடாது, பயிர் வைக்கக் கூடாது, அந்த நிலத்தடி நீரைக் குடிக்கக் கூடாது, அங்கே பிடித்த மீனையோ வேட்டையையோ தின்னக் கூடாது. விஷமண்ணின் பெரும்பகுதி அங்கேயே கட்டிய புதைகுழிகளில் மூடிக் கிடக்கிறது. எல்லையில் தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்யும் நிலையங்கள் இன்றும் ஓடுகின்றன. நிறுத்தும் தேதி எதுவும் கிடையாது.

இதைச் சுத்தம் என்று சொல்வதா, காவல் என்று சொல்வதா? கொலம்பியாக்கரை, உங்கள் முகவர் சொன்ன சொல்லை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

#9 நீர்மட்டம்

டென்வர்வாசி சொல்வதை நான் மறுக்கவில்லை. காவல் என்ற சொல் சரியான சொல். ஆனால் இரண்டு இடத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆர்சனலில் டைல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகள். அவற்றை எந்தப் பாக்டீரியாவும் லேசில் தொடாது, மூடி வைப்பதைத் தவிரப் பெரிதாக வழியில்லை. யூமடில்லாவில் மண்ணில் இருந்ததை உண்மையிலேயே மாற்றினார்கள். புதைத்து மூடியதும் மாற்றி அமைத்ததும் ஒன்றாகாது.

தண்ணீருக்கு வந்தால் நீங்கள் சொல்வதுதான் நிலைமை. 1997 தொடக்கத்தில் அங்கே நிலத்தடி நீரை இறைத்து, கரித் தொட்டிகள் வழியாக விட்டு, திரும்ப நிலத்துக்குள் இறக்கத் தொடங்கினார்கள். முதல் சில வருடம் வேகமாகக் குறையும். அப்புறம் குறையவே குறையாது. சரளைக்கும் மணலுக்கும் இடுக்கில் உட்கார்ந்திருப்பது சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் மறுபடி ஏறும். வாழை நாரிலிருந்து கறையை அலசி எடுப்பது மாதிரி.

அதனால் அங்கே இன்னொரு வழியையும் சோதித்தார்கள். ஃப்ரக்டோஸ், அதாவது பழச்சர்க்கரை, அதைக் கரைத்துக் கிணறு வழியாக நீர்மட்டத்துக்கே இறக்குவது. ஆர்.டி.எக்ஸ்.ஸை உடைக்கத் தெரிந்த கோர்டோனியா வகைப் பாக்டீரியாவை வளர்த்து இறக்கியும் பார்த்தார்கள். தொழுவுரம் ஐயா மேலே செய்வதை இவர்கள் ஐம்பது அடி கீழே செய்ய முயன்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு முக்கியமானது: அந்த மாசுப் படலம் கிடங்கு நிலத்துக்கு அடியில்தான் இருந்தது, ஹெர்மிஸ்டன் ஊருக்கு அடியில் இல்லை. ஆனால் சுற்றிலும் பாசன போர்கள் ஓடும் பருவத்தில் நிலத்தடி நீரோட்டத்தின் திசையே திரும்பும். அதனால் 'இந்தப் பக்கம் வராது' என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்வதை விட, உங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதிப்பதே மேல்.

#10 சுன்னாகத்தான்

நான் யாழ்ப்பாணம், சுன்னாகப் பக்கம். இந்த இழையை நேற்றிலிருந்து வாசிக்கிறேன்.

2014, 2015 வாக்கில் எங்கட கிணறுகளில் எண்ணெய் வந்தது. வாளியை இழுத்து வைத்தால் மேலே வானவில் நிறத்தில் படலம். எங்கட அம்மா அதைக் கையால் வழித்துவிட்டு, விரலை மூக்கில் வைத்துப் பார்த்த காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கிணறுதான். அதற்குப் பிறகு பவுசர் தண்ணீருக்குக் கேனோடு வரிசை. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், உள்ளே எல்லாம் துளை. ஒரு இடத்தில் விட்டால் எங்கே வெளிக்கிடும் என்று சொல்ல ஏலாது.

அந்த நேரத்தில் எங்களுக்குக் கிடைத்த பதில்கள் இரண்டு விதம். ஒருவர் 'ஆபத்து' என்பார், மற்றவர் 'பயப்பட ஒன்றும் இல்லை' என்பார். எவ்வளவு இருக்கிறது, எந்தக் கிணற்றில், எப்ப எடுத்த தண்ணீரில் என்று கேட்டால் கையில் தாள் இல்லை. அதுதான் பெரிய வேதனை. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். இந்த ஆர்.டி.எக்ஸ். தெரியாது, மணக்காது. தம்பி, ஆர் என்ன சொன்னாலும் இலக்கம் போட்ட தாளைக் கையில் வாங்குங்கோ. உங்கட கிணறு, உங்கட பேர், திகதி.

#11 மல்லிகை

போர்ட்லண்டில் பொதுச் சுகாதாரச் செவிலியாக இருக்கிறேன். கொலம்பியாக்கரை, நீங்கள் என் தம்பி வயதாக இருப்பீர்கள் என்று நினைத்து உரிமையோடு சொல்கிறேன். இந்த இழையில் எல்லாரும் கிடங்கையே பார்க்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகும் குழந்தைக்கு அதைவிடப் பக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. நைட்ரேட்.

ஹெர்மிஸ்டன், போர்ட்மன், இரிகன் எல்லாம் சேர்ந்த அந்த நிலப்பரப்பை 1990லேயே நிலத்தடி நீர் மேலாண்மைப் பகுதி என்று ஆரிகன் அரசு அறிவித்தது. காரணம் நைட்ரேட். எங்கிருந்து வருகிறது என்று ஐந்து மூலங்களைச் சொன்னார்கள்: பாசன விவசாயத்து உரம், உணவு பதப்படுத்தும் ஆலைகள் வயலில் பாய்ச்சும் கழிவுநீர், பெரிய மாட்டுப் பண்ணைகள், வீட்டுக் கழிவுத் தொட்டிகள், அப்புறம் இந்தக் கிடங்கின் கழுநீர்க் குட்டைகள். ஐந்தில் கிடங்கும் உண்டு. ஆனால் பெரும்பங்கு விவசாயத்துடையது. முப்பது வருடம் கழித்து, 2022 ஜூனில், பக்கத்து மோரோ மாவட்டம் கிணற்று நைட்ரேட்டுக்காக அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது.

குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் வரம்பு. அதற்கு மேல் போனால், பால்பவுடர் கலக்கிக் கொடுக்கும் பச்சைக்குழந்தைக்கு ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும். இதில் நம் அம்மாக்கள் செய்யும் ஒரு காரியத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் சந்தேகம் என்றால் நாம் கொதிக்க வைப்போம். கிருமிக்கு அது சரி. நைட்ரேட்டுக்குக் கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி நைட்ரேட் இன்னும் கூடும். கொதிக்க வைக்கவே கூடாது. சாதாரணக் கரி வடிகட்டியும் நைட்ரேட்டைப் பிடிக்காது. ஆர்.ஓ. வேண்டும்.

ஆரிகனில் கிணறு உள்ள வீட்டை விற்பவர் நைட்ரேட், ஆர்சனிக், கோலிஃபார்ம் கிருமி மூன்றையும் சோதித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தத் தாளைக் கேளுங்கள். ஆர்.டி.எக்ஸ். அந்தப் பட்டியலில் கிடையாது, அதை நீங்கள்தான் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

#12 தொழுவுரம்

மல்லிகை அம்மா எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்துவிட்டது. குண்டு மருந்தைத் தின்றதும் சாணி, கிணற்றைக் கெடுத்ததும் சாணி. எங்கள் பக்கமும் கோழிப்பண்ணை பெருகிய ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் ருசி மாறியது எனக்குத் தெரியும். அளவு தப்பினால் எதுவும் அப்படித்தான். இனிமேல் என் எருக்குழிக்கு அடியில் களிமண் அடித்துவிடப் போகிறேன். மழைக்காலத்தில் அதிலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று இதுவரை நானும் கேட்டதில்லை.

#13 வாத்தியார்64

சோதனைக்குக் கொடுக்கும்போது '8330 முறை' என்று ஆய்வகத்தில் சொல்லுங்கள். வெடிமருந்துப் பொருள்களுக்கான முறை அது. வெறுமனே 'தண்ணீர் டெஸ்ட்' என்றால் கிருமியும் கடினத்தன்மையும் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று கொடுத்துவிடுவார்கள்.

#14 டென்வர்வாசி

நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது? இங்கே சரணாலயமாக்கியதால் யாரும் தோண்ட மாட்டார்கள் என்ற ஒரு நிம்மதி உண்டு. அங்கே?

#15 நீர்மட்டம்

ஒரு பகுதி ஆரிகன் தேசியக் காவல்படையின் பயிற்சிக் களம். மிச்சத்தில் 9,500 ஏக்கருக்கு மேல், பல வருட இழுபறிக்குப் பின் 2023இல் கொலம்பியா வளர்ச்சி ஆணையத்துக்கு வந்தது. இரண்டு மாவட்டங்கள், இரண்டு துறைமுக அமைப்புகள், யூமடில்லாப் பழங்குடிக் கூட்டமைப்பு, ஐந்தும் சேர்ந்தது அந்த ஆணையம். தொழிற்பேட்டைக்கு ஒரு பங்கு, காட்டுப் புல்வெளியாகவே விடுவதற்கு ஒரு பங்கு. கிடங்கு வருவதற்கு முன் அது பழங்குடிகளின் நிலம். அவர்கள் பேச்சுக்கு அந்த மேசையில் இடம் இருப்பது எனக்கு நிம்மதி.

குண்டுகளை வெடித்தும் எரித்தும் அழித்த பகுதி தனியே இருக்கிறது. வெடிக்காத குண்டு மண்ணுக்குள் கிடக்கலாம் என்பதால் அங்கே கண்டபடி கால் வைக்கக் கூடாது. அது வேறு வகைச் சுத்திகரிப்பு, கம்போஸ்டுக்கு அடங்காது.

உங்கள் மகளுக்குச் சொல்ல ஒன்று, கொலம்பியாக்கரை. அந்த மேடுகளுக்கு நடுவே வளை ஆந்தைகள் வாழ்கின்றன. தரையில் வளையில் முட்டையிடும் சின்ன ஆந்தை. வளையைத் தோண்டித் தரும் பேட்ஜர்கள் அங்கே குறைந்துபோனதால் ஆந்தையும் அருகிவிட்டது. 2008லிருந்து பிளாஸ்டிக் பீப்பாயையும் குழாயையும் மண்ணுக்குள் பதித்துச் செயற்கை வளை செய்து வைத்தார்கள். விரல் விட்டு எண்ணும்படி இருந்தவை பல மடங்கு பெருகின. இந்த ஆந்தைக்கு ஒரு பழக்கம்: சாணத்தைப் பொறுக்கி வந்து வளை வாசலில் போடும். அதைத் தேடி வரும் வண்டுகளைப் பிடித்துத் தின்னும். தொழுவுரம் ஐயாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

#16 கொலம்பியாக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தாள் வரட்டும் என்று காத்திருந்தேன்.

விற்பவரிடம் சட்டப்படி கேட்டேன், முதலில் இழுத்தார், அப்புறம் எடுத்துக் கொடுத்தார். அதோடு நானும் தனியாக இரண்டு பாட்டில் எடுத்து, 8330 என்று சொல்லிக் கொடுத்தேன். பெட்டியில் பனிக்கட்டி போட்டு, மூடியில் கிணற்று எண்ணும் தேதியும் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சுன்னாகத்து அண்ணன் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

ஆர்.டி.எக்ஸ்.: கண்டறியப்படவில்லை. டி.என்.டி.: கண்டறியப்படவில்லை. ஆர்சனிக் வரம்புக்குள். நைட்ரேட்: 14.

தாளை வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றேன். பயந்தது ஒன்று, வந்தது ஒன்று. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் எண்ணைக் காட்டினேன். முப்பது வருடமாக இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார், பேரக்குழந்தைகளுக்குப் புட்டியில் கலக்கியதும் இதைத்தான். தன் கிணற்றை ஒரு தடவைகூடச் சோதித்ததில்லையாம். மறுநாள் காலையில் பாட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்து நின்றார். நான் இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆர்.ஓ. பொருத்தித் தர விற்பவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரசவம் முடிந்து ஆறு மாதம் வரை குழந்தைக்குப் பாட்டில் தண்ணீர்தான் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம். மார்ச்சில், பாசன போர்கள் ஓட ஆரம்பித்த பிறகு, மறுபடி எல்லாவற்றையும் சோதிக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே அண்ணா?

#17 மல்லிகை

சரிதான் தம்பி. ஆர்.ஓ. பொருத்தியதும் அதன் வழியாக வரும் தண்ணீரையும் ஒருமுறை நைட்ரேட்டுக்குக் கொடுங்கள். 14ஐ 10க்குக் கீழே கொண்டுவருகிறதா என்று தாளில் பார்த்த பிறகு குடியுங்கள். சவ்வு பழசானால் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். பெரியவர் வீட்டு முடிவு வந்ததும் எனக்குத் தனிமடலில் சொல்லுங்கள். அங்கே கிணற்று வீடுகளுக்கு இலவசச் சோதனையும் குடிநீரும் கொடுக்கும் ஏற்பாடு உண்டு, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

#18 நீர்மட்டம்

மார்ச் கடைசியில் எடு, தம்பி. போரைப் பத்து நிமிடம் ஓட விட்டு, வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் குழாயில் பிடி. ஆர்.டி.எக்ஸ். பாட்டில் பழுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும், வெயில் படக் கூடாது. முடிவு வந்ததும் இதே இழையில் போடு. பெரியவர் கிணற்றின் ஆழத்தையும் கேட்டு எழுது.